அறுபத்து மூன்றாவது பெண்

ரெனாட்டா ப்ரொஹாஸ்காவுக்கு ஓர் எண்ணைக் கண்டு பயம் வந்தது அந்த அக்டோபரில்தான். வயது நாற்பத்தாறு. கார்வெல் கல்லூரியின் பெண்கள் துடுப்புப் படகு அணிக்குப் பதினோரு வருஷமாகக் கோச். விடியற்காலை உறைபனியில் மோட்டார் படகை எடுத்துக்கொண்டு ஹெரன் ஏரியில் பெண்கள் பின்னால் கத்திக்கொண்டே போகிறவள். எதற்கும் அசராதவள் என்று பெயர் வாங்கியவள். அப்பேர்ப்பட்டவள் அறுபத்து மூன்று என்று யாராவது சொன்னாலே பேச்சை மாற்றினாள்.

விஷயம் இதுதான். கல்லூரியில் படிப்பவர்களில் நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர் பெண்கள். விளையாட்டு அணிகளில் இருப்பவர்களில் நூற்றுக்கு நாற்பத்தோரு பேர்தான் பெண்கள். படிக்கிற விகிதத்துக்குத் தக்கபடி விளையாடவும் இடம் கொடு என்கிறது சட்டம். நியாயமான சட்டம். அது வராமல் இருந்திருந்தால் ரெனாட்டாவே ஒரு துடுப்பைத் தொட்டிருக்க மாட்டாள். அவள் அம்மா காலத்தில் பெண்களுக்குக் கிடைத்த விளையாட்டு, பையன்கள் ஆடும்போது ஓரமாக நின்று குதித்துக் கைதட்டுவது.

ஆனால் கார்வெல் கல்லூரிப் பெரிய மனுஷர்கள் அந்தச் சட்டத்துக்குப் பணிந்த அழகைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஐஸ் ஹாக்கி அணி வேண்டும் என்று முப்பது பெண்கள் நான்கு வருஷமாக மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹாக்கி என்றால் கவசம் வேண்டும், பனித்தளம் வேண்டும், இன்னொரு கோச் வேண்டும். யார் அழுவது? துடுப்புப் படகு என்றால் வசதி. ஒரு நீளப் படகில் எட்டுப் பேர் துடுப்புப் போடலாம், ஒருத்தி சுக்கானைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்கலாம். ஆக ஒன்பது. கொட்டகையில் ஏழு படகு கிடக்கிறது. ஏழொன்பது அறுபத்து மூன்று. அத்தனை பெண்களின் பெயரை எழுதிவிட்டால் சட்டத்தின் வாயை அடைத்துவிடலாம். அதுவரை அந்த அணியில் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர்.

விளையாட்டுத் துறை இயக்குநர் டுவைட் ஹாலரன் செப்டம்பரில் எல்லாரையும் கூட்டிச் சொல்லிவிட்டார். சீசனின் முதல் போட்டி நடக்கும் நாளில் யார் பட்டியலில் இருக்கிறார்களோ அவர்கள்தான் எண்ணிக்கையில் வருவார்கள். முதல் போட்டி அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை. அன்றைக்கு அறுபத்து மூன்று பெண்கள் இருந்தால் சரி. ஒன்று குறைந்தாலும் பெண்கள் பக்கம் ஏற்ற முடியாததை ஆண்கள் பக்கம் இறக்கித்தான் ஆக வேண்டும். ஆண்கள் மல்யுத்த அணியை மூடிவிடுவார்கள்.

மல்யுத்தப் பையன்கள் முப்பத்து நான்கு பேர். மறுநாளே சாப்பாட்டுக்கூட வாசலில் நின்றுகொண்டு, தட்டோடு வரும் உயரமான பெண்களை எல்லாம் மறிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஏய், நல்ல உயரமா இருக்கியே. படகுல சேர்றியா, ப்ளீஸ்?”

“காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கணுமாமே?”

“ஒரு மாசம்தான். உன் துணியெல்லாம் நான் துவைச்சுத் தர்றேன்.”

“மல்லுக்கட்டுறவன் துவைச்சா துணி மிஞ்சுமாடா?”

இப்படிச் சிரிப்பும் கெஞ்சலுமாகக் காதலிகளைச் சேர்த்தார்கள். முன்னாள் காதலிகளைச் சேர்த்தார்கள், அதற்குத்தான் பாடு அதிகம். ஹாக்கிக்கு மனுப் போட்ட பெண்களிலேயே சிலர், சும்மா இருப்பதற்கு இதாவது கிடைக்கட்டும் என்று வந்தார்கள். சுக்கான் பிடிக்கும் கேயிங் அப்படி வந்தவள். மலைநாட்டிலிருந்து குடிவந்த ஹ்மோங் இனத்து வீட்டுப் பெண், ஐந்தடி கூட இல்லை. குரல் மட்டும் ஏரிக்கு அந்தக் கரையில் கேட்கும். மூன்றாம் வருஷத்து மல்யுத்தக்காரன் ஸோரன் ஹெல்விக் தன் தங்கை மாரிட்டைக் கொண்டுவந்து சேர்த்தான். அவள்தான் அறுபத்து மூன்றாவது.

படகில் ஏறும் முன் எல்லாரும் நீச்சல் தேர்வு எழுதியாக வேண்டும். எழுதுவது என்ன, கல்லூரிக் குளத்தில் பத்து நிமிஷம் கையும் காலும் அடித்துத் தலையை மேலே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு தண்ணீரிலேயே மிதவைச் சட்டையை மாட்ட வேண்டும். அறுபத்திரண்டு பேரும் முடித்துவிட்டுத் தலை துவட்டப் போய்விட்டார்கள். மாரிட் மட்டும் குளத்தின் படியில், தண்ணீர் கணுக்காலைத் தொடாத இடத்தில், கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“நீச்சல் தெரியுமா?” என்றாள் ரெனாட்டா.

“தெரியாது கோச்.”

“கொஞ்சம் கூடவா?”

“எங்க வீட்டுல மாடுதான் கோச். நூத்தி இருபது மாடு. தண்ணின்னா அதுங்க குடிக்கிற தொட்டிதான். ஏழு வயசுல வயக்காட்டுக் குட்டைல விழுந்துட்டேன். வெளிய எடுத்தப்ப மூச்சு இல்லையாம். அன்னைலேர்ந்து மழை பெஞ்சாக்கூட எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.”

“அப்ப எதுக்கும்மா இங்க வந்த?”

“பேரு மட்டும் குடு, தண்ணிப் பக்கமே போக வேணாம்னான் அண்ணன்.” அவள் கம்பியை விடாமலே பேசினாள். “கோச், அவனுக்குப் படிப்புல பெரிசா நாட்டம் இல்ல. அந்த மல்யுத்த மெத்தைக்காகத்தான் காலேஜுக்கே வர்றான். அது போச்சுன்னா மறுநாளே பெட்டியக் கட்டிருவான். அப்பா மாதிரி அவனும் மாட்டுக் கொட்டாய்லயே முதுகு ஒடிஞ்சு போவான். டிக் போட்டுருங்க கோச். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

ரெனாட்டா தேர்வுத் தாளின் மேல் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். முப்பத்து நான்கு பையன்களின் முகம் கண்ணுக்குள் வந்தது. எண்ணிக்கை எட்டாவிட்டால் தன் வேலை என்னாகும் என்ற நினைப்பும் வந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. டிக் போட்டாள்.

“உன்னைப் படகுல ஏத்த மாட்டேன். கொட்டகைல துடுப்பு மெஷின் இருக்கு. அதுல உக்காந்து இழு. போட்டி அன்னைக்குக் கரையில நில்லு. சரியா?”

“சத்தியமா ஏத்த மாட்டீங்கல்ல?”

“சத்தியமா.”

அந்தச் சத்தியம் ஒன்பது நாள்தான் தாங்கியது. போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை டுவைட் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்துகிற மனுஷரே அல்ல.

“சனிக்கிழமை ஒரு அம்மா வர்றாங்க. பேரு பெல்க். ஹாக்கிப் பொண்ணுங்க அரசாங்கத்துக்குப் போட்ட புகாரை விசாரிக்கிறவங்க. நாம பொய்ப் பேரு எழுதி நிரப்பிட்டோம்னு சந்தேகம். பட்டியல்ல இருக்கிற ஒவ்வொருத்தியும் படகுல உக்காந்து துடுப்புப் போடுறதைக் கண்ணால பாக்கணுமாம்.”

“ஒருத்தியை ஏத்த முடியாது டுவைட்.”

“ஏன், காய்ச்சலா?”

“இல்ல. அவளுக்கு நீச்ச...”

“நிறுத்து.” டுவைட் கையைத் தூக்கினார். “எனக்குத் தெரிய வேணாம். உன் தாள்ல அறுபத்து மூணு டிக் இருக்கு, கீழ உன் கையெழுத்து இருக்கு. அதுல ஒண்ணு பொய்னு நீ வாயால சொன்னா, நான் கேட்டுத்தான் ஆகணும். கேட்டா மேல எழுதித்தான் ஆகணும். சொல்றியா?”

“அவளுக்கு மட்டும் மிதவைச் சட்டை மாட்டிவிடட்டுமா?” என்றாள் ரெனாட்டா.

“எல்லாரும் சும்மா உக்காந்திருக்க, ஒருத்தி மட்டும் ஆரஞ்சுச் சட்டைல உக்காந்தா அந்த அம்மா என்ன கேக்கும்? முதல் கேள்வியே அந்தத் தாளைப் பத்தித்தான். ரெண்டு கிலோமீட்டர், பத்து நிமிஷம். அது ஏரி ரெனாட்டா, கடல் இல்ல.”

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தப் படகில் இருக்கும் ஒன்பது பேருக்கும் சட்டையை மாட்டித் தொலைத்திருக்கலாமே! புதுப் பெண்கள், குளிர் காலம், அதனால் போட்டோம் என்றால் எந்த அம்மா என்ன கேட்கப் போகிறாள்? ஆனால் துடுப்புக்காரர்கள் மிதவைச் சட்டை போடுவதில்லை. துடுப்பை இழுக்கும்போது கையில் இடிக்கும் என்பார்கள். சட்டை எல்லாம் பின்னால் வரும் கோச்சின் மோட்டார் படகில் மூட்டையாகக் கிடக்கும். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பழக்கத்தில் ஊறியவளுக்கு ஒன்பது பேருக்கும் மாட்டலாம் என்பது தோன்றவே இல்லை. அந்தத் தொழிலில் இல்லாத யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டகையில் மாரிட்டைத் தனியாக உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும், “வேற வழி இல்லைன்னா உக்காந்துர்றேன் கோச்” என்றாள். “அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. தெரிஞ்சா விட மாட்டான்.”

படகுக்குள்ளேயே ஷூ பொருத்தியிருக்கும். காலை அதற்குள் நுழைத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் துடுப்புப் போட வேண்டும். ஆபத்தென்றால் ஒரு வாரை இழுத்தால் இரண்டு காலும் கழன்று வரும். அந்த வாரை எப்படி இழுப்பது என்று ரெனாட்டா இருபது தடவை செய்ய வைத்தாள். இருபது தடவையும் அந்தப் பெண்ணின் விரல் நடுங்கியது.

“கவுந்துராதுல்ல கோச்?”

“எட்டுப் பேர் படகு கவுறாது. பதினோரு வருஷத்துல ஒண்ணு கூடக் கவுந்தது இல்ல.”

அது உண்மைதான். ஆனால் கவிழாமலே தண்ணீர் நிரம்பும் என்பதை அவள் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஏரி கண்ணாடித் தட்டாகக் கிடந்தது. பதினொரு மணிக்கு மேல் வடமேற்குக் காற்று என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் பத்தரைக்குள் எல்லாப் படகும் கரைக்கு வந்துவிடும். விருந்தாளிக் கல்லூரியின் படகுகள் முதலில் போய், ஒன்றன்பின் ஒன்றாகப் பந்தயத்தை முடித்தும்விட்டன. கார்வெல் படகுகள் கிளம்ப முடியவில்லை. பெல்க் அம்மாள் வரவில்லை. நெடுஞ்சாலையில் குறுக்கே பாய்ந்த மானில் அவர் கார் மோதி, விளக்கு உடைந்து, இழுவை வண்டிக்குக் காத்திருக்கிறாராம்.

“காத்திருப்போம்” என்றார் டுவைட்.

“காத்து வருது டுவைட்.”

“அவங்க பாக்காம போனா போட்டி நடந்தும் பிரயோஜனம் இல்ல. காத்திருப்போம்.”

பத்தானது. பத்தரையானது. படகுத்துறையில் அறுபத்து மூன்று பெண்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். மல்யுத்தப் பையன்கள் மொத்தமாக வந்து கரைச் சரிவில் உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்த ஆப்பிள் சாற்றைக் குடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்கள். ஸோரன் தங்கையைப் பார்த்துக் கையசைத்தான். அவள் போட்டிச் சீருடையில் இருப்பது வேஷத்துக்கு என்றுதான் நினைத்திருந்தான் பாவம். மாரிட் திருப்பிக் கையசைத்துச் சிரிக்கக்கூடச் சிரித்தாள். ரெனாட்டாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

பதினொன்றேகாலுக்கு பெல்க் அம்மாள் வந்து சேர்ந்தார். கறுப்புக் கோட்டு, கையில் அட்டை, அட்டையில் பட்டியல். தாமதத்துக்கு மனதார மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுஷிதான், அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. படகுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த விருந்தாளிக் கோச் போகிறபோக்கில் ரெனாட்டாவின் தோளைத் தட்டி, “நடு ஏரியப் பாத்தியா? வெள்ளை தெரியுது” என்றுவிட்டுப் போனார்.

அலை நுனியில் வெள்ளை தெரிந்தால் படகை இறக்காதே. துடுப்புத் தொழிலில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. ரெனாட்டா பார்த்தாள். நடு ஏரியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை. இன்னும் பெரிதாகவில்லை. பத்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். முதல் படகை அனுப்பினாள்.

ஆறு படகுகள் போயின. ஒவ்வொன்றிலும் பாதிப் பேராவது அனுபவப்பட்ட பெண்கள், அலையைச் சமாளித்து, திட்டிக்கொண்டே கரையேறினார்கள். ஏழாவது முழுக்கப் புதுப் பெண்கள் படகு. அதில் ஐந்தாவது இருக்கை மாரிட்டுக்கு. ரெனாட்டா ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தபடி மோட்டார் படகில் நின்று துறையைத் திரும்பிப் பார்த்தாள். பெல்க் அம்மாளின் பக்கத்தில் நின்றிருந்த டுவைட் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் ஒன்றுதான்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு சொல் போதும். ஆனாலும் ஒலிபெருக்கியில், “தயாராகுங்க” என்றாள்.

கிளம்பும் முன் ஒவ்வொருத்தியும் முன்பக்கத்திலிருந்து தன் இருக்கை எண்ணைச் சத்தமாகச் சொல்வார்கள்; தயார் என்று அர்த்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வந்தது. ஐந்து என்ற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தமாதிரி மெதுவாக வந்தது. ஆறு, ஏழு, எட்டு. கேயிங் கத்தினாள், படகு கிளம்பியது. அப்போதுதான் கரைச் சரிவில் ஸோரன் எழுந்து நின்றான். “ஏய்! அது மாரிட் மாதிரி இருக்கே? மாரிட்!” என்று அவன் போட்ட கூச்சல் காற்றில் போய்விட்டது.

அறுநூறு மீட்டர் ஒழுங்காகத்தான் போனது. ரெனாட்டா பின்னாலேயே போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு மாரிட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகு மற்ற முதுகுகளோடு சேர்ந்து குனிந்து நிமிர்ந்தது. பிறகு பெண்கள் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த கரை முனையைத் தாண்டினார்கள், மரங்களின் மறைவு போய்விட்டது, காற்று நேராக வந்து அறைந்தது. மோட்டார் படகே ஒருபக்கம் சாய்ந்தது. ஒரு அலை வந்து அதன் இயந்திரத்தை நனைத்தது. இயந்திரம் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோயிற்று.

கயிற்றை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். இதற்குள் படகு நூற்றைம்பது மீட்டர் முன்னால் போய்விட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது படகு தெரியவில்லை. ஒன்பது பெண்களும் தண்ணீரின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறமாதிரித் தெரிந்தது. படகு விளிம்பு வரை நிரம்பி, கண்ணுக்குத் தெரியாமல் அமிழ்ந்திருந்தது. அடுத்த அலையில் அது பக்கவாட்டில் புரண்டது. உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் காணாமல் போனார்கள்.

“கடவுளே!” கயிற்றை இழுத்தாள். “கடவுளே, கடவுளே, பிடிச்சுத் தொலை!” ஐந்தாவது இழுப்பில் இயந்திரம் உயிர் பிடித்தது.

போய்க்கொண்டிருக்கும்போதே கேயிங்கின் குரல் கேட்டது. தண்ணீரில் கிடந்தபடியே அந்தச் சின்னப் பெண் தான் கற்றுக்கொண்டதைச் செய்தாள். “படகை விடாதீங்க! எண்ணு சொல்லுங்க! ஒண்ணுலேர்ந்து!”

“ஒண்ணு!”

“ரெண்டு!”

“மூணு!”

“நாலு!” என்று அழுகையோடு ஒரு குரல்.

பிறகு காற்று மட்டும்தான் கேட்டது.

“அஞ்சு! அஞ்சு எங்க? மாரிட்!” கேயிங் கத்தினாள். “அஞ்சு சொல்லு! மாரிட்!”

பதில் இல்லை. ஆறும் ஏழும் எட்டும் அவரவராகச் சொல்லிவிட்டுப் பிறகு அவர்களும் மாரிட், மாரிட் என்று கத்த ஆரம்பித்தார்கள். ரெனாட்டா தலைகளை எண்ணினாள், ஒன்பது இருக்க வேண்டும். எட்டு. அலை இறங்கட்டும் என்று காத்திருந்து மறுபடி எண்ணினாள். எட்டு. விறைக்க வைக்கிற தண்ணீர். காலில் கட்டிய பட்டை. நடுங்கும் விரல். அந்தப் பெண் இப்போது படகோடு சேர்ந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. யாரும் சொல்ல வேண்டியதில்லை. தன் கையால் அவளைக் கட்டி உள்ளே வைத்தவள் அவள்தானே. வாயில் என்னென்னவோ வந்தது, வேண்டுதலா கெட்ட வார்த்தையா என்று அவளுக்கே தெரியாது. ஒருபக்கம் ஓட்டிக்கொண்டே மறுபக்கம் ஜாக்கெட்டைக் கழற்றினாள். படகைச் சுற்றி மறுபக்கம் போனாள், குதிக்கத் தயாராகி விளிம்பில் காலை வைத்தாள்.

மாரிட் அங்கே இருந்தாள். புரண்ட படகின் மறுபக்கத்தில், துடுப்பைத் தாங்கும் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மிதந்தாள். எப்படியோ வாரை இழுத்துக் காலைக் கழற்றியிருக்கிறாள். கண் திறந்திருந்தது. வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. கூப்பிட்டதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும் என்று பயந்து அவள் திறக்கவே இல்லை.

ரெனாட்டா அவளைத் தூக்கிப் படகில் போடும் முன் அந்தக் கையைக் கம்பியிலிருந்து பிரிக்க ஒவ்வொரு விரலாக நெம்ப வேண்டியிருந்தது. மற்றவர்களுக்குச் சட்டைகளை எறிந்தாள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டாள், மீதிப் பேரை மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டார்.

கொட்டகையில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஆம்புலன்ஸ்காரர்கள் எல்லாரையும் வெள்ளித் தாள் போர்வையில் சுற்றினார்கள். யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். மாரிட்டின் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அந்த வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்:

“கோச்... என்னை எண்ணிட்டாங்களா?”

டுவைட்தான் குனிந்து, முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்: “எண்ணியாச்சும்மா. படகு துறைய விட்டுக் கிளம்பினதுமே எண்ணிட்டாங்க. அறுபத்து மூணு. நீ சிங்கக்குட்டி!” வாசலில் நெருக்கியடித்து நின்ற மல்யுத்தப் பையன்கள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். அவர்கள் நடுவில் ஸோரன், தங்கையைத் தேடி ஏரிக்குள் ஓடியதில் இடுப்புவரை நனைந்துபோய் நின்றான். அவன் கூச்சல் போடவில்லை.

பெல்க் அம்மாள் முகம் வெளுத்து, தானும் தண்ணீரில் விழுந்தவர் மாதிரித்தான் இருந்தார். “எல்லாரும் பத்திரமா வந்ததே பெரிசு” என்றார். பிறகு ரெனாட்டாவிடம், “விபத்து நடந்திருக்கறதால நீச்சல் தேர்வுத் தாளையும் ஃபைல்ல வைக்கணும். குடுத்தீங்கன்னா எண்ணிக்கைல கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புறேன்.”

தாள் சுவரில் ஆணியில் தொங்கியது. ரெனாட்டா அதை எடுத்தாள். இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல். சொன்னால் வேலை போகும். வேலையோடு போகுமா? தெரிந்தே ஒரு பெண்ணைச் சாக அனுப்பினாய் என்று கோர்ட்டு கேட்கும், பெற்றவர்கள் கேட்பார்கள், இனி எந்தப் படகுத்துறையிலும் அவளை நிற்க விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் போட்டி இருக்கிறது, பட்டியலில் மாரிட் இருக்கிறாள். எல்லாம் தெரிந்தது. வாயைத் திறந்தாள். தாளை நீட்டினாள். ஆமாம், பேசாமல் தாளைக் கொடுத்துவிட்டாள்.

பெல்க் அம்மாள் பேனா மூடியைக் கழற்றினார்.

“மேடம்,” என்றான் ஸோரன். “என் தங்கச்சிக்கு நீச்சல் தெரியாது.”

டுவைட் அவசரமாக அவன் தோளைப் பிடித்தார். “தம்பி, அதிர்ச்சில இருக்க. வெளிய போய்க் கொஞ்சம் உக்காரு.”

“தெரியாது மேடம். சின்ன வயசுல செத்துப் பொழைச்சவ. நான்தான் பேரு குடுக்கச் சொன்னேன். தேர்வுல எப்படிப் பாஸானான்னு எனக்குத் தெரியல.”

“டேய்!” வாசலிலிருந்து ஒருத்தன் கத்தினான். “நம்ம டீம்டா! என்னடா பேசுற?”

“ரெண்டு நிமிஷம் எனக்குத் தங்கச்சி இல்லடா” என்றான் ஸோரன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மெத்தைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?”

மாரிட் போர்வையோடு எழுந்து வந்து அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். “ஏன்டா சொன்ன? உனக்காகத்தானடா உக்காந்தேன்! எல்லாம் வீணாப் போச்சேடா!” அவள் ஓங்கி அழுதாள். அவன் அடி வாங்கிக்கொண்டே நின்றான்.

பெல்க் அம்மாள் தாளைத் திருப்பி ரெனாட்டாவின் பக்கம் காட்டினார். கடைசிப் பெயருக்கு எதிரில் விரலை வைத்தார். “இந்த டிக் யார் போட்டது?”

“நான்தான்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

“இன்னைக்கு ஏத்தினப்பவும்?”

“ஆமா.”

பெல்க் அம்மாள் பேனாவை மூடி, தாளை மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். டுவைட் ஏதோ சொல்லிக்கொண்டே அவர் பின்னால் வெளியே ஓடினார். வாசலில் நின்ற பையன்கள் ஒவ்வொருவராக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சரிவில் ஏறிப் போனார்கள். அவர்கள் அணி திங்கட்கிழமை இருக்காது என்று எல்லாருக்கும் புரிந்திருந்தது.

மாரிட்டின் தோளிலிருந்து போர்வை நழுவி ஈரத் தரையில் புரண்டது. பெண் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தாள். ரெனாட்டா போர்வையை எடுத்து, அவள் தோளில் போடலாம் என்று கையை நீட்டி ஓரடி எடுத்து வைத்தாள். மாரிட் சட்டென்று அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.